கேட்டுக்குக் கண் இருக்கிறதா?

"கேட் சமாசாரமெல்லாம் ஆண்கள் பார்த்துக் கொள்வார்கள், நமக்கு எதற்கு?" என்றுதான் நானும் வெகு நாள் இருந்தேன். அடுப்பு, மிக்ஸி, கிரைண்டர் என்றால் நாம் தலையிடலாம். வாசலில் தானாகத் திறந்து மூடும் இரும்புக் கேட்டைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? அந்த அலட்சியத்துக்கு நான் கொடுக்க இருந்த விலை என்ன என்று நினைத்தால் இப்போதும் அடிவயிறு கலங்குகிறது. என் அனுபவம் மற்ற சகோதரிகளுக்கு, முக்கியமாகச் சின்னக் குழந்தைகளை வைத்திருக்கும் தாய்மார்களுக்கு, உபயோகப்படும் என்றுதான் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது சென்னைப் புறநகரில், இருபத்து நான்கு குடும்பங்கள் உள்ள அடுக்கு மாடிக் குடியிருப்பு. எங்கள் வாட்ச்மேன் தாத்தாவுக்கு அறுபத்தைந்து வயதுக்கு மேல் ஆகிவிட்டது. அந்தக் கனமான இரும்புக் கேட்டைத் தள்ளித் தள்ளி அவருக்குத் தோள் வலி. பாவம் என்று எல்லோருமாகப் பணம் போட்டு, மோட்டார் வைத்துப் பக்கவாட்டில் நகரும் கேட்டாக மாற்றினோம். தரையில் ஒரு வளையம் பதித்தார்கள். அதை லூப் என்கிறார்கள். கேட்டின் இரு பக்கமும் முழங்கால் உயரத்தில் சின்னக் கம்பம் நட்டு, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர் போகும்படி ஒரு கருவியும் வைத்தார்கள். அதற்கு நாங்கள் வைத்த பெயர் 'கண்'.

ஆடி மாதம் ஒரு தண்ணீர் லாரி பின்னால் வரும்போது அந்தக் கம்பத்தில் ஒன்றைச் சாய்த்துவிட்டது. கண் போனால் கேட் மூடாது. பாதுகாப்புக்காக அப்படித்தான் வைத்திருப்பார்களாம். வந்த மெக்கானிக், "இப்போதைக்கு ரெண்டு ஒயரை ஜாயிண்ட் பண்ணி ஓட்டிக்கலாம்மா. புதுசு வாங்கணும், பணம் ஆகும்" என்றான். சங்கத்தின் செயலாளர் அந்த வருடம் நான்தான். வேறு யாரும் ஒப்புக்கொள்ளாததால் என் தலையில் கட்டியிருந்தார்கள்! கணக்கைப் பார்த்தேன். கையிருப்பு குறைவு. "அதான் தரையில் வளையம் இருக்கே, அது பார்த்துக்கும். கண்ணை அப்புறம் போடலாம்" என்று சொல்லிவிட்டேன். மிச்சம் பிடித்த பெருமை வேறு எனக்கு.

அந்தச் சாயங்காலம்

ஐப்பசி பிறந்து மழை ஆரம்பித்ததும் கேட்டுக்குப் பேய் பிடித்தது போல ஆகிவிட்டது. ராத்திரி இரண்டு மணிக்கு யாரும் இல்லாமலே திறந்து கொள்ளும். சில நாள் திறந்தால் மூடவே மூடாது. ஒரு நாள் தண்ணீர் லாரி பாதி உள்ளே, பாதி வெளியே நிற்கும்போது அதன் நடு வயிற்றில் போய் இடித்தது. "லூப் ரிப்பேர்" என்று எல்லோரும் பேசிக் கொண்டோம். நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப் போட்டோம்.

ஒரு சாயங்காலம் ஆறு மணி இருக்கும். மூன்றாவது மாடி வீட்டுக்காரர் ஆபீஸிலிருந்து வந்து காரை உள்ளே கொண்டு போனார். "அப்பா, அப்பா" என்று அவருடைய மூன்றரை வயதுப் பெண் குழந்தை, மூன்று சக்கர சைக்கிளில் கேட்டுக்கு நடுவில் வந்துவிட்டது. கார் போய்விட்டதால் கேட் மூட ஆரம்பித்தது. பால்கனியில் துணி எடுத்துக் கொண்டிருந்த நான் பார்த்தேன். கத்தினேன். குரல் வந்ததா என்றுகூட நினைவில்லை. வாட்ச்மேன் தாத்தாதான் பாய்ந்து போய்க் குழந்தையின் இரு கைக்கும் அடியில் பிடித்துத் தூக்கினார். சைக்கிள் கேட்டுக்கும் தூணுக்கும் நடுவில் மாட்டி, முன் சக்கரம் வளைந்து போனது. குழந்தைக்கு முழங்காலில் ஒரு சிராய்ப்பு. அவ்வளவுதான். கடவுள் காப்பாற்றினார்.

குழந்தையின் அம்மா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அக்கா, அந்த லூப்பைச் சீக்கிரம் சரி பண்ணிடுங்க" என்று மட்டும் சொன்னாள். அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

தம்பி சொன்ன பாடம்

மறுநாள் வேறொரு மெக்கானிக்கை வரவழைத்தோம். இருபத்தெட்டு வயதுப் பிள்ளை. பொறுமையாகப் பேசுகிறான். நான் முதலில் சொன்னது இதுதான்: "தம்பி, லூப் கெட்டுப் போனதால்தான் குழந்தை வந்தது தெரியாமல் கேட் மூடியிருக்கு. அதைச் சரி பண்ணு."

அவன் தலையை ஆட்டினான். "இல்லைம்மா. லூப் புதுசா நல்லா இருந்தாலும் குழந்தையைப் பார்த்திருக்காது. அது மனுஷனைப் பார்க்கிற சாமான் இல்லை."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன்.

வீட்டில் இன்டக்ஷன் அடுப்பு வைத்திருக்கிறீர்களா? அதன் கண்ணாடிக்குக் கீழே செம்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. அதில் வேகமாக மாறும் மின்சாரம் ஓடுகிறது. மேலே இரும்புப் பாத்திரம் வைத்தால் பாத்திரத்துக்குள்ளேயே சுழல் மின்னோட்டம் உண்டாகிச் சூடேறுகிறது. மண் சட்டியை வைத்தால் ஒன்றும் ஆகாது. இதற்கெல்லாம் அடிப்படை, 1831-ல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டல். வாசல் வளையமும் இதே ஜாதிதான். தரையில் கீறிய பள்ளத்தில் சில சுற்றுக் கம்பி. அதன் நுனிகள் சுவரில் உள்ள டிடெக்டர் பெட்டிக்குப் போகின்றன. பெட்டி அந்தக் கம்பியில் வினாடிக்குப் பல்லாயிரம் தடவை மாறும் மிகச் சிறிய மின்சாரத்தை விடாமல் ஓட்டிக் கொண்டிருக்கும்.

இதைச் சுருதிப் பெட்டி என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒரே சுருதியில் ரீங்காரம் செய்து கொண்டே இருக்கிறது. காரின் உலோக உடல் மேலே வந்ததும் அதில் சுழல் மின்னோட்டம் எழுகிறது. வளையத்தின் தூண்டல் குறைகிறது. சுருதி ஒரு நூலளவு ஏறுகிறது. பெட்டி அதைக் கவனித்து, "வண்டி நிற்கிறது, மூடாதே" என்று கேட் மோட்டாருக்குச் சொல்கிறது. வண்டியின் பாரத்தால் அல்ல, காந்தத்தாலும் அல்ல. அடுப்புக்கு இரும்பு வேண்டும். இதற்கு அலுமினியமும் பித்தளையும்கூடப் போதும்.

தம்பி ஒரு வேடிக்கை காட்டினான். ஒரு அட்டைப் பெட்டியைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு சுற்று ஒயர் சுற்றினான். தரை வளையத்தின் நுனிகளைக் கழற்றிவிட்டு இதை டிடெக்டரில் மாட்டினான். "உங்க வீட்டுப் பித்தளைத் தாம்பாளத்தைக் கொண்டு வாங்கம்மா" என்றான். தாம்பாளத்தை அட்டைப் பெட்டி மேல் பிடித்ததும் டிடெக்டரில் சின்ன விளக்கு பளிச்சென்று எரிந்தது. எடுத்தால் அணைந்தது. "இப்ப உங்க கையை வைங்க." வைத்தேன். விளக்கு எரியவில்லை. இரண்டு கையையும் வைத்தேன். இல்லை. பள்ளிக்கூடத்திலிருந்து வந்த என் பையன் தலையையே வைத்துப் பார்த்தான். இல்லவே இல்லை.

அந்த எரியாத விளக்கைப் பார்த்துக் கொண்டு நான் வெகு நேரம் நின்றேன். "வளையம் பார்த்துக்கும்" என்று நான் சொன்னது காதில் ஒலித்தது. சைக்கிள், ஸ்கூட்டர்கூட வளையத்தின் நடுவில் நின்றால் தெரியாமல் போகலாம். கம்பி ஓடும் கோட்டின் மேல் நின்றால்தான் தெரிய வாய்ப்பு அதிகம் என்றான். குழந்தையின் சின்னச் சைக்கிளை நம்பவே முடியாது.

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. 2010-ஆம் வருடம் பிரிட்டனில் ஒரே வாரத்துக்குள் இரண்டு சிறுமிகள் மின்சாரக் கேட்டில் நசுங்கி உயிரிழந்தார்கள். ஒருத்திக்கு ஆறு வயது, மான்செஸ்டரில். இன்னொருத்திக்கு ஐந்து, வேல்ஸில் உள்ள பிரிட்ஜெண்டில். அதன் பிறகு அந்நாட்டின் பாதுகாப்பு அமைப்பு, கேட் தயாரிப்பவர்களுக்கும் பொருத்துபவர்களுக்கும் எச்சரிக்கை விடுத்தது. வளையம் வண்டிக்கு, ஒளிக்கண்ணும், முட்டினால் பின்வாங்கும் ரப்பர் விளிம்பும் மனிதர்களுக்கு. ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்பதில்லை.

என் பால் கணக்கு டைரி

முதல் வேலையாகக் கண்ணைப் புதிதாகப் போடச் சொன்னேன். ஜாயிண்ட் அடித்திருந்த ஒயரை என் கண் முன்னாலேயே பிரிக்கச் சொன்னேன். பிறகு வளையத்தின் கோளாறுக்கு வந்தோம்.

"எப்பெப்போ தப்பா வேலை செய்யுதுன்னு ஞாபகம் இருக்காம்மா?" என்றான். ஞாபகம் எதற்கு? பால் கணக்கு எழுதும் டைரியிலேயே, "இன்று கேட் தானே திறந்தது" என்று தேதி போட்டு எழுதி வைத்திருந்தேன். கூடவே காய்கறிக்காரர் வந்தார், மழை பெய்தது என்றெல்லாம் இருக்கும் அல்லவா? பார்த்தால், கேட் பைத்தியம் பிடித்து ஆடிய நாள் எல்லாம் மழை நாள் அல்லது அதற்கு மறுநாள். நாலு நாள் வெயில் அடித்தால் சமர்த்தாக இருந்திருக்கிறது. "பாதி வேலை முடிஞ்சுதும்மா" என்று சிரித்தான்.

அட்டைப் பெட்டி வளையத்தை மாட்டியபோது டிடெக்டர் ஒழுங்காக வேலை செய்தது அல்லவா? அப்படியென்றால் பெட்டியில் குற்றம் இல்லை, தரையில்தான். பல்பு எரியாவிட்டால் வேறு ஹோல்டரில் போட்டுப் பார்ப்போமே, அதே யுக்தி.

அடுத்து மல்டிமீட்டரை வளையத்தின் இரு நுனியிலும் வைத்தான். நல்ல வளையத்துக்கு மின்தடை சில ஓம்தான் இருக்க வேண்டும். காட்டிய எண் நிலையாக நிற்க வேண்டும். எங்களுடையது ஏறுவதும் இறங்குவதுமாக ஊசலாடியது. எங்கோ ஜாயிண்ட் சரியில்லை என்று அர்த்தம். பிறகு மெக்கர் என்ற கருவி. கம்பியின் மேலுறை வழியாக மண்ணுக்கு மின்சாரம் கசிகிறதா என்று 500 வோல்ட் கொடுத்துப் பார்ப்பது. பத்து மெகாஓமுக்கு மேல் காட்ட வேண்டும். எத்தனைக்கெத்தனை அதிகமோ அத்தனை நல்லது. எங்களுடையது ஒரு மெகாஓம்கூடக் காட்டவில்லை. இந்தச் சோதனைக்கு முன் டிடெக்டரிலிருந்து ஒயரைக் கட்டாயம் கழற்ற வேண்டும். இல்லாவிட்டால் டிடெக்டரே புகைந்துவிடும்.

சிமென்ட்டைக் கொத்திப் பார்த்தபோது குட்டு வெளிப்பட்டது. கோடையில் கேபிள் போடத் தோண்டியவர்கள் லூப் ஒயரை வெட்டிவிட்டு, வாய் திறக்காமல் முறுக்கி, இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி மூடியிருக்கிறார்கள். மழைத் தண்ணீர் இறங்கும்போதெல்லாம் கசிவு. சுருதி தாறுமாறாகப் போகிறது. பெட்டி, வண்டி வந்துவிட்டது என்று நினைத்துக் கேட்டைத் திறக்கிறது.

தண்ணீர் லாரி இடிபட்டதற்குக் காரணம் வேறு. வளையத்தின் குறுகிய பக்கம் எவ்வளவோ, அதில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு உயரம் வரைதான் அது நன்றாக உணரும். எங்கள் பழைய வளையம் மூன்று மீட்டர் நீளம், முக்கால் மீட்டர் அகலம். அப்படியானால் அரை மீட்டர் உயரம்தான். கார் தாழ்வாக இருக்கும், தெரிந்துவிடும். லாரியின் முன் சக்கரம் தாண்டி, உயரமான நடுப் பாகம் மேலே வரும்போது வளையத்துக்கு ஒன்றும் தெரிவதில்லை. வண்டி போய்விட்டது என்று விட்டுவிடும்.

புது வளையம்

ஆகவே ஒன்றரை மீட்டர் அகலத்தில் புது வளையம் போட்டோம். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நான் கவனித்தவை இவை. உங்கள் வீட்டில் போடும்போது நீங்களும் கவனியுங்கள்.

* பள்ளத்தின் நாலு மூலையையும் நேர்ச் செங்கோணமாக விடாமல் சாய்வாக வெட்ட வேண்டும். கூர்மையான மூலை கம்பியின் மேலுறையைக் கிழித்துவிடும்.
* பள்ளம் சுத்தமாகவும் ஈரமில்லாமலும் இருக்க வேண்டும்.
* எத்தனை சுற்று என்பது சுற்றளவைப் பொறுத்தது. ஆறு மீட்டருக்குக் குறைவு என்றால் நாலு சுற்று. ஆறிலிருந்து பத்து என்றால் மூன்று. பத்துக்கு மேல் இரண்டு. எங்களுடையது ஒன்பது மீட்டர், மூன்று சுற்று.
* வளையத்திலிருந்து பெட்டிக்குப் போகும் இரு ஒயரையும் ஜடை பின்னுகிற மாதிரி நெருக்கமாக முறுக்க வேண்டும். மீட்டருக்கு இருபது முறுக்காவது வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்து மின் ஒயர்களின் தொந்தரவு வரும்.
* ஒயர் ஒரே துண்டாக இருக்கட்டும். நடுவில் ஒட்டு வேண்டாம். பள்ளத்துக்குள் கம்பி ஆடாதபடி தாரோ பிசினோ நிரப்பி மூட வேண்டும்.
* நகரும் இரும்புக் கேட்டிலிருந்து வளையம் சுமார் ஒரு மீட்டராவது தள்ளி இருக்கட்டும். இல்லாவிட்டால் கேட்டையே வண்டி என்று நினைத்துக் கொள்ளும். பக்கத்தில் ஆட்டம் கொடுக்கும் சாக்கடை இரும்பு மூடி இருந்தாலும் இதே வம்புதான்.
* உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு வளையம் இருந்தால் இரண்டுக்கும் வேறு வேறு சுருதி வைக்கச் சொல்லுங்கள். பெட்டியில் அதற்குச் சின்னச் சுவிட்ச் உண்டு.

நாமே செய்யக் கூடியவை

பெட்டியைத் திறப்பது நம் வேலை அல்ல. உள்ளே 230 வோல்ட் இருக்கிறது. திறக்காமலே பார்க்கக் கூடியவை நிறைய இருக்கின்றன. மாதம் ஒரு தடவை, குழந்தைகள் பள்ளிக்கூடம் போயிருக்கும்போது செய்யுங்கள். ஒருவர் நிறுத்தும் பொத்தான் அருகிலேயே நிற்கட்டும்.

1. கேட்டைத் திறந்து, காரை வளையத்தின் மேல் நிறுத்தி, ஐந்து நிமிடம் காத்திருங்கள். கேட் அசையக் கூடாது. கார் விலகிய பிறகு வழக்கம் போல் மூட வேண்டும். இரண்டில் எது தவறினாலும் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

2. கேட் மூடும்போது நீளத் துடைப்பக் கட்டையை ஒளிக்கண்ணுக்கு முன் நீட்டுங்கள். கேட் உடனே நின்று பின்வாங்க வேண்டும். கையையோ காலையோ நீட்டிப் பார்க்காதீர்கள். கண்ணின் கண்ணாடியில் சிலந்தி கூடு கட்டியிருந்தால் மெத்தென்ற துணியால் துடைத்துவிடுங்கள்.

3. மின்வெட்டு நமக்குப் புதிதல்ல. வளையத்தின் மேல் கார் நிற்கும்போது கரண்ட் போய் வந்தால், சில டிடெக்டர்கள் அந்தக் காரையும் தரையோடு சேர்த்துச் சுருதி பிடித்துக் கொள்ளும். கார் நிற்பதே தெரியாமல் கேட் மூட வரும்! கரண்ட் வந்ததும் காரை விலக்கி, வளையம் காலியாக இருக்கும்போது மெயினை அணைத்துப் போடுங்கள். புதிதாகச் சுருதி சேர்த்துக் கொள்ளும்.

4. மோட்டாரை விடுவித்து, கேட்டைக் கையால் தள்ளுவதற்கென்று ஒரு சாவி இருக்கும். அது எங்கே இருக்கிறது, எப்படித் திருப்புவது என்று வாட்ச்மேனுக்கு மட்டுமல்ல, வீட்டிலுள்ள பெரியவர்கள் எல்லோருக்கும் தெரிய வேண்டும். எங்கள் குடியிருப்பில் இருபத்து நான்கு வீட்டுப் பெண்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரிசையாக நின்று திருப்பிப் பழகினோம்.

5. கேட் முரண்டு பிடித்தால் தேதி, நேரம், மழையா வெயிலா, எந்த வண்டி என்று எழுதி வையுங்கள். மெக்கானிக்கின் பாதி நேரமும் உங்கள் பணத்தில் கொஞ்சமும் மிச்சமாகும்.

6. "இப்போதைக்கு ஜாயிண்ட் பண்ணி ஓட்டிக்கலாம்" என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். கண் சரியாகும்வரை மோட்டாரை நிறுத்திவிட்டுக் கேட்டைக் கையால் தள்ளுங்கள். நான் செய்யத் தவறியது அதுதான்.

எல்லாவற்றுக்கும் மேலே, கேட் விளையாடும் இடம் இல்லை என்று குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். ஓடுகிற கேட்டின் கம்பியைப் பிடித்துக் கொண்டு சவாரி போவது சில பிள்ளைகளுக்குப் பெரிய ஆசை. அடுப்புப் பக்கம் போகாதே என்று சொல்கிறோமே, அதே கண்டிப்பு இதற்கும் வேண்டும்.

சங்கக் கூட்டத்தில், கண்ணைப் போட வேண்டாம் என்று தள்ளிப் போட்டது நான்தான் என்று எழுந்து நின்று சொன்னேன். யாரும் கோபிக்கவில்லை. குழந்தையின் அம்மா மட்டும் கண்ணைத் துடைத்துக் கொண்டாள். கூட்டம் முடிந்ததும் என் கையைப் பிடித்து, "விடுங்கக்கா, எனக்கும் தெரியாதே. நானும் லூப்பைத்தானே நம்பினேன்" என்றாள். அதற்கு நான் என்ன பதில் சொல்ல?

இப்போதெல்லாம் மாதம் முதல் தேதி பால் கணக்கு முடித்ததும் துடைப்பத்தை எடுத்துக் கொண்டு கேட்டுக்குப் போகிறேன். "வாசல் பெருக்கவாம்மா?" என்று கேலி செய்வார் வாட்ச்மேன் தாத்தா. துடைப்பக் கட்டையை நீட்டுகிறேன். கேட் நிற்கிறது, பின்வாங்குகிறது. டைரியில் ஒரு டிக் போட்டுவிட்டு வருகிறேன். மூன்றாவது மாடிக் குழந்தைக்குப் புதுச் சைக்கிள் வந்துவிட்டது. அது கேட்டுக்கு ரொம்ப தூரத்தில், பின்பக்கத்து வேப்பமரத்தடியில்தான் இப்போது ஓடுகிறது.